வாசல் வரை எவ்வளவு? சேலம் பட்டு வேட்டிக் கடை ஒன்று வெளிநாட்டுக்கு விற்கத் தொடங்கிய விதம்

அம்மாப்பேட்டையில் பட்டு வேட்டி நெய்து விற்கும் ஒரு குடும்பத்தின் இணையக் கடை பற்றியது இந்த ஆய்வு. அப்பா தறிகளையும் கூலிக்கு நெய்யும் நெசவாளர்களையும் பார்த்துக்கொள்கிறார். இணையக் கடை மகளின் பொறுப்பு. சென்னை, கோவை, பெங்களூரு என்று நன்றாகவே ஓடிக்கொண்டிருந்த கடை, வெளிநாட்டு ஆர்டர் வந்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் தடுமாறியது. அதைச் சரிசெய்யும் வேலையில் நானும் கூட இருந்தேன். பெயரும் விற்றுமுதலும் வெளியே வர வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் அவை இதில் இருக்காது. என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், எதைத் தொடாமல் விட்டோம் என்பதெல்லாம் இருக்கும்.

சேலத்தில் இதே கேள்வியோடு இருப்பவர்கள் நிறையப் பேர். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு விற்பவரைக் கேட்டாலும் சரி, இளம்பிள்ளைச் சேலையை வாட்ஸப்பில் விற்பவரைக் கேட்டாலும் சரி, ஏற்காட்டு மிளகையும் காப்பியையும் பொட்டலம் போடுபவரைக் கேட்டாலும் சரி, "சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தர் கேட்டாங்க, எப்படி அனுப்பறதுன்னு தெரியல" என்ற பேச்சு வந்துவிடும். அவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் கணக்கு வழக்கோடு எழுதுகிறேன்.

சரக்கும் வாங்குபவரும்

சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. இந்தக் கடையில் அதிகம் போவது மாப்பிள்ளை செட்: எட்டு முழப் பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், அதற்குப் பொருத்தமான சட்டை. அடுத்தது பெண்ணின் அப்பா, தாய்மாமன் ஆகியோருக்கு எடுக்கும் எளிய கரை வேட்டிகள். வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே தமிழர்கள். அதனால் வேட்டி என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சரக்குக்கு இது பெரிய அனுகூலம்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு எடுக்கும் துணிக்கு ஒரு தேதி உண்டு. புத்தகமோ பாத்திரமோ ஒரு வாரம் தாமதமானால் வாங்கியவர் முணுமுணுப்பார், பிறகு மறந்துவிடுவார். முகூர்த்தத்துக்கு மறுநாள் வந்து சேரும் மாப்பிள்ளை வேட்டியை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தக் குடும்பம் இந்தக் கடையை மன்னிக்காது, மன்னிக்கவும் கூடாது.

கடையின் தளத்தில் 'உலகம் முழுவதும் அனுப்புகிறோம்' என்று ஒரு பட்டை ஓடிக்கொண்டிருந்தது. தளத்தின் செட்டிங்ஸில் எல்லா நாடுகளுக்கும் ஒரே டிக், அவ்வளவுதான் ஏற்பாடு. விலை ரூபாயில், அனுப்பும் கட்டணம் எல்லா நாட்டுக்கும் ஒரே தொகை. சுங்க வரி பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

பாதியில் விட்டுப்போன ஆர்டர்களையும் தோற்றுப்போன பணப் பரிமாற்றங்களையும் வாட்ஸப் உரையாடல்களையும் உட்கார்ந்து படித்தோம். எல்லாப் புகார்களையும் பிழிந்து பார்த்தால் மிஞ்சியவை இரண்டு கேள்விகள். என் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகும்? எந்தத் தேதிக்குள் வரும்? பணம் கட்டும் முன்பே இந்த இரண்டுக்கும் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிற நாட்டுக்கு மட்டும் விற்பது என்று முடிவெடுத்தோம். கீழே வருகிற எல்லா மாற்றமும் இந்த முடிவிலிருந்து கிளைத்ததுதான்.

முதலில் முகவரிப் படிவம்

இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பல ஆர்டர்கள் இங்கேயே நின்றுபோயிருந்தன. படிவம் பத்து இலக்கக் கைப்பேசி எண் கேட்டது. சிங்கப்பூர் எண் எட்டு இலக்கம். ஆறு இலக்கப் பின்கோடு கேட்டது. மலேசியாவில் ஐந்து இலக்கம், பிரிட்டனில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும், ஐக்கிய அரபு அமீரகத்தில் இப்படி ஒரு எண்ணே வழக்கத்தில் இல்லை.

சிங்கப்பூரில்தான் விசித்திரம். அங்கும் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம் என்பதால் படிவம் அதை மறுக்கவில்லை. ஜூரோங் கிழக்குப் பகுதிக் குறியீடுகள் 60 என்று தொடங்கும். நம் சென்னைப் பின்கோடுகள் 600 என்று தொடங்கும். பின்கோடை வைத்து ஊரைத் தானாக நிரப்பும் வசதி, ஜூரோங்வாசிக்குச் 'சென்னை, தமிழ்நாடு' என்று போட்டுவிட்டு உள்நாட்டுக் கட்டணத்தைக் காட்டியது. கவனித்தவர் குழம்பி வெளியேறினார். கவனிக்காதவரின் ஆர்டரை மகள் போனில் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதோடு, அடுக்குமாடி வீட்டு எண்ணுக்கு முன்னால் அவர்கள் போடும் # குறியையும் படிவம் ஏற்கவில்லை.

இப்போது நாட்டைத்தான் முதலில் கேட்கிறோம். அதற்கேற்ப மற்ற கட்டங்கள் மாறும். தானாக ஊர் நிரப்பும் வசதி இந்தியாவுக்கு மட்டும். செய்ய வேண்டிய முதல் வேலை எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன், காசும் அதிகம் ஆகாது.

பணம் வரும் வழி

பணம் செலுத்தும் பக்கத்தில் முதலில் நின்றது யுபிஐ. வெளிநாட்டு அட்டைகளுக்கான அனுமதியைக் கட்டண நிறுவனத்திடம் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். கடை அதைப் பெற்றிருக்கவே இல்லை. வெளிநாட்டு முகவரி கொடுத்தவருக்கு யுபிஐயை மறைத்து, அட்டையையும் பேபாலையும் முன்னால் வைத்தோம். பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை இன்னும் வாங்கித் தருகிறது. கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் முன்பின் தெரியாத கடைக்கு அட்டை எண்ணைக் கொடுக்கத் தயங்குபவர் அதன் வழியாக வருகிறார்.

சிங்கப்பூர்க்காரர்கள் சிலர் பேநவ் (நம் யுபிஐ போன்ற அவர்கள் ஊர் ஏற்பாடு) வழியாக நேரே அப்பாவின் யுபிஐக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்வார்கள். அந்த இணைப்பு 2023 பிப்ரவரியில் வந்தது, தனி மனிதர்கள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்வதற்கானது. வியாபாரத்துக்கு அதை வாங்க ஆரம்பித்தால் ஏற்றுமதிப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்று கையில் இருக்காது. மரியாதையாக மறுத்துவிட்டு, தளத்தில் பணம் கட்டும் இணைப்பை அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, விலையில் இருக்கும் ஜிஎஸ்டி. உள்நாட்டு விலை வரி சேர்த்தது. 8,400 ரூபாய் என்று போட்டிருக்கும் வேட்டியில் 5 சதவீத வரி 400 ரூபாய், வரி நீக்கிய விலை 8,000. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி சுழியம். கடையோ வெளிநாட்டவரிடமும் 8,400 வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது வெளிநாட்டு விலைப்பட்டியல் தனி. அந்த 400 ரூபாய் வாங்குபவர் பக்கம் போவதால் கூரியர் கட்டணத்தின் கசப்பு கொஞ்சம் குறைகிறது.

பெட்டிக்குக் கொடுத்த காசு

"ஏம்மா, வேட்டி எண்ணாயிரம், அனுப்பறதுக்கு மட்டும் அவ்ளோவா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. எடை போட்டுப் பார்த்தால் செட் ஒரு கிலோகூட இல்லை.

கூரியர்காரர்கள் எடையை இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். தராசில் காட்டும் எடை ஒன்று. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடை இன்னொன்று. எது அதிகமோ அதற்குத்தான் காசு. கல்யாணப் பெட்டி என்று அட்டையில் செய்த அழகான கெட்டிப் பெட்டி 40 × 30 × 6. பெருக்கினால் 7,200, வகுத்தால் 1.44 கிலோ. உள்ளே இருப்பது முக்கால் கிலோ. மீதிக்கெல்லாம் வெறும் காற்றுக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தார்கள். மடிப்பை மாற்றி, அட்டையைத் தட்டையாக்கி 30 × 25 × 5 அளவுக்குக் கொண்டுவந்தோம். 3,750-ஐ வகுத்தால் 0.75 கிலோ. பெட்டி வேண்டுமென்றால் பிரித்து மடித்த நிலையில் கூடவே போகும், அங்கே மடித்து நிமிர்த்திக்கொள்ளலாம்.

அவசரம் இல்லாதவருக்கு இந்திய அஞ்சல் துறையின் சர்வதேச டிராக்கிங் பாக்கெட் சேவை உண்டு. இரண்டு கிலோ வரை அதில் போகும். கட்டணம் கூரியரைவிடக் குறைவு, நாள் அதிகம். தளத்தில் இரண்டையும் காட்டுகிறோம். ஆனால் வாடிக்கையாளர் முகூர்த்தத் தேதியைக் குறிப்பிட்டிருந்து, அது நெருங்கிவிட்டிருந்தால் அஞ்சல் வழி தளத்திலேயே தெரியாது. அதைத் தேர்ந்தெடுக்க விட்டுவிட்டுப் பிறகு வருத்தம் தெரிவிப்பதில் அர்த்தமில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. ஒவ்வொரு மாப்பிள்ளை செட்டோடும் ஒரு மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம், கொஞ்சம் அட்சதை அரிசி வைத்துக் கொடுப்பது குடும்ப வழக்கம். பாட்டி காலத்திலிருந்து வருவது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் உயிரிப் பாதுகாப்புச் சோதனை கடுமையானது. மஞ்சள் கிழங்கும் அரிசியும் அங்கே பார்சலையே நிறுத்திவைக்கப் போதும். மற்ற நாடுகளிலும் விலைச்சீட்டில் எழுதாத பொருள் உள்ளே இருப்பது ஆபத்து. "மஞ்சக் குங்குமம் வைக்காம கல்யாண வேட்டிய எப்படிம்மா குடுக்கறது?" என்றார் அப்பா. அவருக்கு இது வியாபாரப் பிரச்சினையாகவே படவில்லை, மனக்குறையாகப் பட்டது. கடைசியில், பெட்டியை மூடும் முன் வீட்டுச் சாமி படத்தின் முன்னால் வைத்து எடுப்பது, உள்ளே அவர் கையெழுத்தில் ஒரு வாழ்த்துச் சீட்டு வைப்பது என்று ஏற்பாடு ஆனது. அந்தச் சீட்டைப் படமெடுத்து அனுப்பும் வாடிக்கையாளர்கள் உண்டு.

எந்த நாட்டைத் திறப்பது

வேலையில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது. நாட்டுக்கு நாடு வரி விதி வேறு, அதுவும் கடந்த சில ஆண்டுகளில் வேகமாக மாறியிருக்கிறது.

எல்லாவற்றிலும் எளிது சிங்கப்பூர். துணிக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. அஞ்சல் அல்லது விமானம் வழியாக வரும் பார்சலின் மதிப்பு 400 சிங்கப்பூர் டாலருக்குள் இருந்தால் எல்லையில் ஜிஎஸ்டியும் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் இத்தகைய பார்சலுக்கும் வெளிநாட்டு விற்பனையாளரே ஜிஎஸ்டி வசூலிக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஆனால் அது உலக அளவில் 10 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல் விற்று, அதில் சிங்கப்பூருக்கு மட்டும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விற்கும் பெரிய நிறுவனங்களுக்கு. அம்மாப்பேட்டைக் கடை அந்தப் பக்கமே இல்லை. 400 டாலரைத் தாண்டினால் 9 சதவீதம். ஆக ஒரு செட் வாங்குபவருக்குத் தளத்தில் காட்டும் தொகைதான் வாசல் வரை தொகை. முதலில் திறந்த நாடு இதுதான்.

மலேசியாவிலும் ஏறத்தாழ இதே கதை, எல்லைக்கோடு 500 ரிங்கிட். 2024 ஜனவரி 1 முதல் அதற்குட்பட்ட பொருள்களுக்கு 10 சதவீத விற்பனை வரி உண்டு. அதைப் பதிவு செய்து வசூலிக்கும் கடமை, பன்னிரண்டு மாதத்தில் 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் அங்கே விற்பவருக்குத்தான். ஆஸ்திரேலியாவில் கோடு 1,000 ஆஸ்திரேலிய டாலர். 75,000 டாலர் விற்பனை வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்தோம்.

பிரிட்டனில் யோசிக்க வேண்டியிருந்தது. 2021 ஜனவரி 1 முதல் அங்கே 135 பவுண்டுக்குட்பட்ட பார்சலுக்கு வாட் வரியை விற்பவர்தான் வசூலித்துக் கட்ட வேண்டும். நேரடியாக விற்கும் வெளிநாட்டுக் கடைக்குக் குறைந்தபட்ச விற்பனை வரம்பு எதுவும் கிடையாது, முதல் வேட்டியிலிருந்தே பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தால் காலாண்டுக் கணக்கு, அதற்கு ஒரு கணக்காளர். கொஞ்சம் ஆர்டருக்கு அது தாங்காது. 135 பவுண்டுக்கு மேல் போனால் பழைய முறைதான்: வாட், தீர்வை இரண்டும் எல்லையில். அப்படியென்றால் கூரியர் நிறுவனத்தோடு டிடிபி முறையில், அதாவது வரியை நாமே முன்கூட்டிக் கட்டி அனுப்பும் முறையில் போகலாம். எனவே பிரிட்டனுக்குக் குறைந்தபட்ச ஆர்டர் என்று ஒன்றை வைத்து, அனுப்பும் செலவு சேர்க்காத பொருள் மதிப்பு 135 பவுண்டைத் தாண்டுமாறு பார்த்துக்கொண்டோம். வாடிக்கையாளர்கள் இதை வெறுப்பார்கள் என்று மகள் பயந்தார். கல்யாண வீடு ஒரு வேட்டியோடு நிற்பதில்லை. மாப்பிள்ளை செட்டோடு அப்பாவுக்கும் மாமனுக்கும் சேர்த்து எடுப்பவர்கள்தான் அதிகம் என்பதால் கோடு இயல்பாகவே தாண்டுகிறது. ஒற்றை வேட்டி கேட்பவரை இழக்கிறோம், அது தெரிந்தேதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தைத் திறக்கவில்லை. 2021 ஜூலை 1 முதல் எந்தச் சின்ன பார்சலுக்கும் வாட் உண்டு. 150 யூரோ வரைக்கும் ஐஓஎஸ்எஸ் என்ற முறையில் விற்பவரே கட்டலாம், ஆனால் நம்மைப் போன்றவர்கள் பொதுவாக அங்கே ஓர் இடையாளரை அமர்த்திக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பர் 13 முதல் அமலுக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்பு விதி, ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளர் பெயரும் முகவரியும் கேட்கிறது. பாரிஸிலிருந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லைதான். ஆனாலும் சொன்னோம்.

அமெரிக்கா தனிக் கதை. 800 டாலருக்குட்பட்ட பார்சலுக்கு வரி இல்லை என்ற சலுகையை நம்பித்தான் நம் ஊர்ச் சின்னக் கடைகள் எல்லாம் அங்கே அனுப்பிக்கொண்டிருந்தன. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் நின்றுபோனது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறையும் ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சல் முன்பதிவை நிறுத்திவைத்து, அக்டோபர் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது. ஒரு மாதம் சொன்ன தொகையை அடுத்த மாதம் சொல்ல முடியாத இடத்தில் 'வாசல் வரை இவ்வளவு' என்று எழுதுவது பொய்யாகிவிடும். அமெரிக்க முகவரி போட்டால் இப்போது ஒரு செய்தி வரும்: தற்போது அனுப்புவதில்லை, இந்தியாவில் உறவினர் முகவரி இருந்தால் அங்கே அனுப்புகிறோம். ஊருக்கு வந்து கல்யாணம் செய்பவர்கள் பலர் இதை எடுத்துக்கொள்கிறார்கள்.

'உலகம் முழுவதும்' என்ற பட்டையை எடுத்துவிட்டு நான்கு நாட்டின் பெயரைப் போட்ட அன்று அப்பாவுக்கு வருத்தம். கடை சுருங்கிவிட்டதாக அவருக்குப் பட்டது. நான் அப்படி நினைக்கவில்லை. பார்சல் வாசலில் நிற்கும்போது கூரியர்காரர் வரியும் கையாளும் கட்டணமும் கேட்டு, வாங்கியவர் மறுத்து, சரக்கு அங்கேயே முடங்கிப்போன ஆர்டர்களை வாட்ஸப்பில் படித்தவர்களுக்கு இது புரியும். அந்த வாடிக்கையாளர்களின் கோபம் முழுதும் ஒரே வாக்கியம்தான்: முன்னாடியே சொல்லியிருக்கலாமே.

சேலத்தில் முடிக்க வேண்டிய தாள் வேலை

இதில் பலர் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீடு, அதாவது ஐஇசி, இணையத்திலேயே எடுக்கலாம். கட்டணம் 500 ரூபாய். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும். இதை மறந்தால் குறியீடு செயலிழந்து, சரியாக ஆவணி முகூர்த்தச் சமயத்தில் பார்சல் நிற்கும். ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி உறுதிமொழி கொடுக்க வேண்டும். வங்கியிடம் ஏடி கோடு, அதாவது ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் அடையாள எண், வாங்கிச் சுங்கத் துறைத் தளத்தில் பதிய வேண்டும். அஞ்சல் வழி போகிறவர்களுக்கு அஞ்சலக ஏற்றுமதி மையங்கள் இருக்கின்றன, சுங்கப் படிவத்தை அவற்றின் தளத்திலேயே நிரப்பலாம்.

விலைச்சீட்டில்தான் கவனம் வேண்டும். பட்டு வேட்டி சுங்க அட்டவணையின் 50-வது அத்தியாயம், பருத்தி வேட்டி 52, தைத்த சட்டை 62. வெவ்வேறு அத்தியாயத்துப் பொருள்களை 'மாப்பிள்ளை செட் – 1' என்று ஒரே வரியில் எழுதினால் அங்கே இருக்கும் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது, புரியாத பார்சல் ஓரமாகப் போகும். பொருள் வாரியாக, இழை என்ன, கைத்தறியா, தைத்ததா, எத்தனை, விலை எவ்வளவு என்று தனித்தனி வரியாக எழுத ஆரம்பித்தோம். இந்த விவரங்கள் தளத்தில் ஒவ்வொரு பொருளோடும் சேமிக்கப்பட்டிருப்பதால் ஆர்டர் விழுந்ததும் சீட்டு தானாகத் தயாராகிறது.

அடுத்து, எல்லோரும் கேட்கும் உதவி. "அண்ணா, கிஃப்ட்னு போட்டு, விலைய கம்மியா எழுதிடுங்க." வாடிக்கையாளர் கேட்கிறார், பக்கத்துக் கடைக்காரர் செய்கிறார், நாம் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? இதில் நான் உறுதியாக இருந்தேன். 9,000 ரூபாய்ச் சரக்கை 2,000 என்று எழுதினால் பார்சல் தொலையும்போது காப்பீடு 2,000-க்குத்தான். வங்கிக்கு வரும் பணம் 9,000, சுங்கத்தில் எழுதியது 2,000. ஏற்றுமதிக் கணக்கு ஒருநாளும் ஒட்டாது. அங்கே பிடிபட்டால் தண்டம் வாங்குபவர் தலையில் விழும். எல்லாவற்றுக்கும் மேலே, பட்டுக்குச் சில்க் மார்க் அட்டை வைத்து உண்மையான பட்டு என்று சொல்லும் கடை, அதே பெட்டியின் வெளியே பொய் எழுதக் கூடாது. இப்போது இதற்கு ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார்கள், பணிவாக, இரண்டே வரியில்.

தறியின் நாள்காட்டி

தளம் முன்பு '7 முதல் 10 நாள்' என்று எல்லாப் பொருளுக்கும் காட்டியது. அலமாரியில் இருக்கும் வேட்டிக்கு அது சரி. குறிப்பிட்ட கரை நிறத்தில் நெய்து தர வேண்டியதற்கு அது நடக்காத காரியம்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால் அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று எல்லா மாரியம்மன் கோயிலிலும் சேர்ந்து நடக்கும். குகையில் வண்டி வேடிக்கை. அந்த நாள்களில் தறியில் ஆள் உட்காராது, உட்காரச் சொல்லவும் யாருக்கும் மனம் வராது. ஐப்பசி மழையில் குழித்தறிக்கு ஈரம் ஏறிப் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஒட்டும், வேலை பாதியாகும். அதற்கு முன்னும் பின்னும்தான் கல்யாண ஆர்டர்கள் குவிகின்றன. இங்கே இருக்கும் வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தெரியும். லெஸ்டரிலோ மெல்போர்னிலோ இருக்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

எனவே பணம் கட்டும் முன்பே முகூர்த்தத் தேதி கேட்கும் கட்டம் ஒன்றைச் சேர்த்தோம். தளம் அதிலிருந்து பின்னோக்கி எண்ணும்: வழியில் ஆகும் நாள், சுங்கத்துக்கு ஒதுக்கும் நாள், நெசவு நாள், இடையில் திருவிழா விடுமுறை. பொருந்தவில்லை என்றால் அந்த வேட்டி 'உங்கள் தேதிக்குள் வராது' என்று காட்டி, கையிருப்பில் இருப்பதைப் பக்கத்தில் வைக்கும். நாள்காட்டியை அப்பாதான் நிரப்புகிறார். எந்தத் தறியில் எப்போது பாவு ஏறும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். தளத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை வந்ததும் இந்த வேலையிலிருந்துதான்.

அளவு, நிறம், திருப்பி அனுப்புதல்

எட்டு முழம் என்று எழுதியிருந்த இடத்தில் நீள அகலத்தை மீட்டரில் சேர்த்தோம். கடைக்குக் கடை எட்டு முழம் 3.60 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை மாறும், உயரமானவருக்கு அகலமும் முக்கியம். சட்டைக்கு 38, 40 என்ற எண்ணோடு மார்பு, தோள், நீளம் மூன்றும் சென்டிமீட்டரில். வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து அளக்கச் சொல்லி ஒரு படம்.

வெண்பட்டின் நிறத்தைப் படத்தில் பிடிப்பது கடினம். குழல்விளக்கில் நீலம் அடிக்கும், மாலை வெயிலில் சந்தனம் ஆகிவிடும். காலை நேரத்தில் முற்றத்து வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்த படம் ஒன்று இப்போது ஒவ்வொரு வேட்டிக்கும் உண்டு. சரிகை எந்த வகை என்பதும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. விலை குறைந்த வேட்டியில் இருப்பது அசல் வெள்ளிச் சரிகை இல்லை என்றால் அதையும் சொல்லித்தான் விற்கிறார்கள்.

திருப்பி அனுப்பும் விஷயத்தில், அங்கிருந்து சேலத்துக்கு வர ஆகும் செலவு சில சமயம் வேட்டி விலையைத் தொட்டுவிடும். திரும்பி வரும் சரக்கு இங்கே சுங்கத்தில் மறு இறக்குமதி என்று காகிதம் கேட்கும். பிரிட்டனில் இணையத்தில் வாங்குபவருக்குப் பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அவருக்கென்று தனியாகத் தைத்ததற்கும் நெய்ததற்கும் அது பொருந்தாது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, சட்டை அளவு பொருந்தாவிட்டால் சட்டையை மட்டும் புதிதாக அனுப்புவது, பழையதைத் திருப்பிக் கேட்காமல் இருப்பது என்று வைத்தார்கள். நெசவில் குறை என்றால் படம் பார்த்துப் பணம் திரும்பும். அப்பா இதற்கு உடனே ஒத்துக்கொண்டார். குறையோடு போன வேட்டியைத் திரும்ப வாங்கி என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

இப்போதைய நிலை

நான்கு நாட்டு ஆர்டர்களும் மகள் போனில் தலையிடாமலே முடிகின்றன. இரவு இரண்டு மணிக்கு வரும் "சுங்கம் எவ்வளவு ஆகும் அக்கா?" என்ற செய்தி அனேகமாக நின்றுவிட்டது. வாசலில் வரி கேட்டதால் மறுக்கப்பட்ட பார்சல் ஒன்றும் இந்த நாடுகளிலிருந்து திரும்பவில்லை.

மிஞ்சியிருப்பது கனடா. டொராண்டோவிலிருந்து வரும் விசாரிப்பு மற்ற எந்த ஊரையும்விட அதிகம். அங்கே இந்தியாவிலிருந்து போகும் பார்சலுக்கு வரிவிலக்கு வரம்பு 20 கனேடிய டாலர்தான் என்பதால் எந்த வேட்டியும் தப்பாது. ஒன்டாரியோவில் விற்பனை வரி மட்டுமே 13 சதவீதம். இப்போதைக்குக் கேட்பவருக்குத் தனியாகக் கூரியரிடம் டிடிபி தொகை வாங்கி, மொத்தத்தை எழுதி அனுப்புகிறார்கள், அதற்கு ஒத்துக்கொண்டால் பணம் கட்டும் இணைப்பு போகும். தளத்திலேயே அந்தக் கணக்கைக் காட்டுவதற்கு முன், தைத்த சட்டையை அனுப்புவதா, சட்டைத் துணியாக வெட்டி அனுப்பிவிட்டு அங்கேயே தைத்துக்கொள்ளச் சொல்வதா என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. துணி என்றால் அளவுப் பிரச்சினையே இல்லை என்கிறார் மகள். தைக்காத சட்டையோடு மாப்பிள்ளை செட் என்று சொல்ல முடியாது என்கிறார் அப்பா. இரண்டு விதத்திலும் வரி எவ்வளவு வருகிறது என்று கூரியரிடம் கேட்டிருக்கிறோம்.